மாமனார் பார்க்காத முகம்

சல்காவுக்கு வலி எடுத்து இரண்டு நாள் முழுதாகப் போன பிறகுதான் அவள் அப்பா சிதாத்தி வண்டிச் சாவியைத் தேடினார். தலைப்பிரசவம் பெண் பிறந்த கூடாரத்தில்தான் நடக்க வேண்டும் என்று முதல் நாள் சொன்னார்கள். பெண்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை என்று இரண்டாம் நாள் சொன்னார்கள். மூன்றாம் நாள் காலையில் மைமூனா கூடாரத்தை விட்டு வெளியே வந்தாள். சல்காவின் அத்தை அவள், சிதாத்தியின் தங்கை. தாயில்லாப் பெண்ணை வளர்த்தவள், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரைக் கையில் வாங்கியவள். கையில் இருந்த ரத்தத்தை மணலில் தேய்த்துக்கொண்டே, "குழந்தை குறுக்க கெடக்கு. இது என் கைக்கு அடங்காது. அதார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா ரெண்டு உயிரும் தங்கும். இங்கயே வெச்சிருந்தா ரெண்டும் போயிடும்" என்றாள். அதற்கப்புறம் யாரும் வழக்கத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அந்தக் குடியிருப்பில் இருந்ததே ஒரு வண்டி. சிதாத்தியின் சாம்பல் நிற டொயோட்டா. பின் இருக்கையில் சல்காவைப் படுக்க வைத்து, அவள் தலையை மடியில் தாங்கி மைமூனா உட்கார்ந்தாள். சிதாத்தி ஓட்டினார். பின்னால் திறந்த தட்டில், தண்ணீர் டின்னுக்கும் உபரி டயருக்கும் நடுவில், தலைப்பாகையைக் கண் மட்டும் தெரிய இறுக்கிச் சுற்றிக்கொண்டு லிமாம் உட்கார்ந்தான். சல்காவின் புருஷன்.

வேடிக்கையைக் கேளுங்கள். லிமாம் ஷூம் ஊரில் லாரி மெக்கானிக். அந்த மணலில் அவனைப் போல் வண்டி ஓட்ட ஆள் கிடையாது. சிதாத்தி ஒட்டகத்தில் பிறந்து வளர்ந்தவர். கியரை மாற்றும்போதெல்லாம் வண்டி கழுத்தை அறுத்தது போல் கத்தும். ஆனாலும் அவர்தான் ஓட்டினார், இவன்தான் பின்னால் உட்கார்ந்தான். மாமனார் முன்னால் மருமகனுக்கு முகம் கிடையாது, வாய் கிடையாது, பசியும் கிடையாது. மாமனார் இருமினால் இவன் கூடாரத்தின் பின்பக்கத் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும். மூன்று வருஷமாக ஓடிக்கொண்டுதான் இருந்தான். அவன் எங்கேயோ தூரத்து வலாத்தா பக்கத்துக்காரன். கல்யாணம்கூட இரண்டு பக்கத்துப் பெரியப்பாக்களும் பள்ளிவாசலில் உட்கார்ந்து முடித்தது. மாமனாரும் மருமகனும் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்படி இருப்பதுதான் மரியாதை. நல்ல மருமகன் என்று ஊரெல்லாம் அவனுக்குப் பெயர்.

முதல் மேட்டிலேயே வண்டி மணலில் புதைந்தது. லிமாம் குதித்து இறங்கி, கையாலேயே மணலை வாரினான். டயரில் காற்றைக் குறைத்தால் பறக்கும் என்று அவனுக்குத் தெரியும். சொல்ல வாய் இல்லை. அவனே குனிந்து நான்கு சக்கரத்திலும் காற்றை இறக்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் பின்னால் ஏறிக்கொண்டான். சிதாத்தியும் ஒன்றும் பார்க்காதது போல் ஓட்டினார். வண்டியின் பின்பக்கக் கண்ணாடி வழியாகச் சல்காவின் முனகல் வந்துகொண்டே இருந்தது. லிமாமுக்குத் தாண்டிக் குதித்து அந்தக் கிழவரின் கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்க வேண்டும் போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தார் ரோட்டுக்கு வந்து சேர உச்சி வேளை ஆகிவிட்டது. ரோடு ஏறியதும் கொஞ்ச தூரத்தில் போலீஸ் நிறுத்தம். ஒரு தகரக் கொட்டகை, ரோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு டீசல் பீப்பாய், நடுவில் ஒரு கயிறு. இத்தனை வருஷம் அங்கே இருந்த சார்ஜென்ட்டுக்கு இந்தப் பக்கத்து வண்டிகளின் சத்தமே போதும், இருந்த இடத்தில் இருந்தபடி கயிற்றை இறக்கிவிடுவார். அவரை மாற்றி இரண்டு வாரம் ஆகியிருந்தது. இப்போது நின்றவர் தெற்கே ஆற்றங்கரை ஊர்க்காரர், ஸம்பா என்று பெயர், இளவயசு. உடன் உமர் என்று ஒரு காவலர், கையில் துப்பாக்கி.

"சலாம் பெரியவரே. உடம்பு சுகமா? ராத்திரி நல்லபடியா போச்சா? வீட்ல எல்லாரும் சுகமா?"

"சுகம். இறைவனுக்கே புகழ். ஒரு குறையும் இல்ல" என்றார் சிதாத்தி.

வாய் பழக்கம். அறுபது வருஷமாக அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான். வீடு பற்றி எரிந்துகொண்டிருந்தாலும் அந்த ஊர் மனிதன் முதலில் இதைத்தான் சொல்வான், பிறகுதான் தண்ணீர் கேட்பான். பின் இருக்கையில் மைமூனா தலையில் அடித்துக்கொண்டாள். "குறையில்லையாம் குறை! தம்பி, இங்க பாரு, பொண்ணு செத்துக்கிட்டு இருக்கா. கயித்த இறக்கு!"

ஸம்பா குனிந்து உள்ளே பார்த்தார். முகம் மாறியது. அடையாள அட்டைகளை வாங்கிச் சீக்கிரமாகவே புரட்டினார், குற்றம் சொல்லக் கூடாது. சிதாத்தி, மைமூனா, சல்கா. மூன்று அட்டை. அப்புறம் பின்னால் திரும்பினார்.

"பின்னாடி யாரு?"

இங்கேதான் எல்லாம் கெட்டது. சிதாத்தி என்ன சொல்வார்? பக்கத்தில், காது கேட்கும் தூரத்தில் மருமகன். அவன் முன்னால் 'என் பெண்ணின் புருஷன்' என்று சொல்வது, அவருடைய குடும்பத்தில் எவனும் செய்யாத வெட்கக்கேடு. அவர் பாலைவனத்தைப் பார்த்துக்கொண்டு, "யாரோ வழிப்போக்கன். ஏறிக்கிட்டான்" என்றார்.

குடியிருப்பில் யார் காதில் விழுந்திருந்தாலும் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: மருமகன். பழைய சார்ஜென்ட்டாக இருந்தால் சிரித்துவிட்டுக் கயிற்றை இறக்கியிருப்பார். ஆற்றங்கரைக்காரருக்கு வழிப்போக்கன் என்றால் வழிப்போக்கன்தான்.

"ஏய், அட்டை எங்க?"

லிமாம் சட்டைப்பையைத் தொட்டான். காலி. அட்டை, கிரீஸ் படிந்த வேலைச் சட்டையில், குடியிருப்பில் கிடந்தது. இல்லை என்று கையை விரித்தான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? பேரு என்ன?"

லிமாம் கொட்டகைக்குப் பின்புறத்தைக் கையால் காட்டினான். அங்கே வாருங்கள், மாமனார் கண்ணில் படாத இடத்தில் எல்லாம் சொல்கிறேன் என்று அர்த்தம். ஸம்பா ஒரு அடி பின்னால் போனார். உமரின் துப்பாக்கி மேலே எழுந்தது.

"கொட்டாய்க்குப் பின்னாடி வரணுமா? நல்லா இருக்கே! இறங்குடா கீழ. கைய மேல தூக்கு." லிமாம் இறங்கி நின்றான். ஸம்பா சிதாத்தியிடம் வந்தார். "பெரியவரே, நேத்துக் காலைலதான் வயர்லெஸ்ல சொன்னாங்க. சாம்பல் கலர் டொயோட்டா, பின்னாடி மூஞ்ச மூடுன ஒரு கொள்ளைக்காரன்னு. நல்லவேளை, நீங்க தப்பிச்சீங்க. நீங்க பொண்ணக் கூட்டிட்டுப் போங்க, இவன நான் பாத்துக்கிறேன்."

அப்போதே போயிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். சிதாத்தி சாவியைத் திருப்பப் போனார். ஆனால் துப்பாக்கி முனையில் கையைத் தூக்கி நிற்கிற பிள்ளையை விட்டுப் போக மைமூனாவுக்கு மனசு வரவில்லை. "ஐயோ, அவன் எங்க பையன்! இவ புருஷன்! சுட்டுடாத ராசா!" என்று கத்தினாள்.

ஸம்பா நின்றார். கையை ஜன்னலுக்குள் விட்டுச் சாவியை உருவினார்.

"குறை ஒண்ணும் இல்லன்னீங்க. உள்ள பாத்தா பொண்ணு துடிக்கிறா. வழிப்போக்கன்னீங்க. இந்தம்மா புருஷன்னு சொல்றாங்க. ஒரு வண்டிக்குள்ள எத்தன கதை பெரியவரே?"

"கதை இல்லப்பா, வழக்கம்" என்றாள் மைமூனா. "மாமனாரு முன்னாடி அவன் எப்படிப் பேசுவான்?"

"எனக்கும் மாமனாரு இருக்காரும்மா. வழக்கம் எனக்கும் தெரியும். அந்த வழக்கத்துக்குப் பின்னாடி எவன் வேணா மூஞ்ச மூடிக்கலாம், அதுவும் தெரியும். போன வருஷம் கிழக்குப் பக்கம் என் சிநேகிதன் இப்படித்தான் 'நோயாளி இருக்கா'ன்னு பாவம் பாத்துக் கயித்த இறக்கினான். அவன் பொண்டாட்டி இப்ப விதவை." சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கேப்டன் கிட்ட கேக்கறேன். அவர் சொன்னா விடுறேன்."

வயர்லெஸ்ஸைத் திருகினார். அது கரகரத்தது. கேப்டன் சாப்பிடப் போயிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். பிறகு தொழுகைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அதன் பிறகு அந்தப் பெட்டி வெறும் இரைச்சல்தான் போட்டது.

வெயில் உச்சியில் நின்று கொளுத்தியது. லிமாம் தூக்கிய கையோடு, மாமனாருக்கு முதுகைக் காட்டி நின்றான். துப்பாக்கிக்கு எதிரே நிற்கும்போதும் முதுகைக் காட்டத்தான் கால் தானாகத் திரும்பியது. உமர் அவன் தலைப்பாகையைச் சுட்டிக்காட்டி, "கழட்டேண்டா அத. மணப்பொண்ணா நீ?" என்றான். லிமாம் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் கேப்டன் வருவார், வயர்லெஸ் பேசும், கயிறு இறங்கும், வெட்கம் கெடாமல் போய்விடலாம் என்று நினைத்தான். பின்னாளில் அந்த நினைப்புக்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு எத்தனையோ முறை தோன்றியது. முக்கால் மணி நேரம் அப்படி நின்றான்.

சல்காவின் முனகல் நின்றது.

மைமூனா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். கதவையே பிடித்துக்கொண்டு நின்றாள். "வலி நின்னுடுச்சு" என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. "இனி அவளால முடியாது. வலி நின்னுடுச்சு."

லிமாமுக்குள் ஏதோ அறுந்தது. திரும்பினான். தலைப்பாகையைப் பிடித்து இழுத்தான். மூன்று வருஷமாக மறைத்த முகமும் மொட்டைத் தலையும் வெயிலில் வெளியே வந்தன. மாமனாருக்கு நேரே நின்று கத்தினான்.

"நான் லிமாம்! ஷூம்ல மெக்கானிக்! இவ என் பொண்டாட்டி சல்கா! அவ வயித்துல இருக்கறது என் புள்ள! போதுமா? போதுமாடா உங்களுக்கு? கயித்த இறக்குங்கடா!"

பொண்டாட்டி பெயரை அவள் அப்பன் முன்னால் சொல்லிவிட்டான். என் புள்ள என்றும் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு உடம்பு முழுக்கக் கூசியது, துணியில்லாமல் நடுச்சந்தையில் நிற்பது போல் இருந்தது.

ஸம்பா சிதாத்தியைப் பார்த்தார். "பெரியவரே. இந்த மூஞ்சியப் பாருங்க. அல்லா சாட்சியா சொல்லுங்க. இவர்தான் உங்க மருமகனா?"

சிதாத்தி மெதுவாக இறங்கினார். பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், புருவத்தில் இருந்த பழைய தழும்பைப் பார்த்தார். பொய்ச் சத்தியம் செய்யாத மனிதர் என்று சுற்றியிருக்கும் நாலு கிணற்றுக்காரர்களும் அவரைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். பார்க்காததைப் பார்த்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"எனக்கு…" என்றார். "எனக்கு இந்த முகம் தெரியாது."

மைமூனா, "அண்ணே! ஆமான்னு சொல்லித் தொலையேன்! உன் சத்தியத்தத் தூக்கிக் குப்பையில போடு!" என்று அலறினாள். உமர் லிமாமின் தோளைப் பிடித்து மண்டி போட வைத்தான். ஸம்பா இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார். அவர் முகத்திலும் ஈயாடவில்லை, பாவம். பிடிபட்டவன் ஒரு திருடன் என்ற நிம்மதிகூட அதில் தெரியவில்லை.

"இருங்க" என்றார் சிதாத்தி. "அவன விடுங்க. எழுந்திருக்கச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"திரும்பி நடக்கச் சொல்லுங்க. முகம் தெரியாதுன்னுதான் சொன்னேன். முதுகு தெரியும்."

உமர் சிரித்துவிட்டான். ஸம்பா சிரிக்கவில்லை. தலையை அசைத்தார். லிமாம் எழுந்தான். திரும்பி, ரோட்டோரமாக நடந்தான். எந்த நிமிஷமும் சுடுவார்கள் என்றே நினைத்தான். மாமனாரின் இருமல் கேட்டதும் எப்படிப் போவானோ அப்படித்தான் கால் போனது. இடது தோள் கொஞ்சம் இறங்கி, தலை குனிந்து, அரை ஓட்டமாக. அவனுக்கு வேறு நடை வரவில்லை.

பின்னால் சிதாத்தியின் குரல் கேட்டது. "அவன்தான். அல்லா சாட்சியா சொல்றேன். மூணு வருஷமா என் பொண்ணு கூடாரத்துல இருந்து எனக்காக ஓடிப் போற முதுகு அது. என் மருமகன்."

ஸம்பா சாவியை நீட்டினார். வாங்கிய சிதாத்தி, வண்டிக்குள் ஏறாமல், திரும்பி வந்த லிமாமின் உள்ளங்கையில் அதை வைத்து அழுத்தினார்.

"நீ ஓட்டு" என்றார். அவனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

கயிற்றை ஸம்பாவே ஓடிப்போய் அவிழ்த்தார். வண்டி நகரும்போது கொட்டகைக்குள் வயர்லெஸ் பேசியது. தேடிய வண்டி நேற்று மாலையே பிடிபட்டுவிட்டதாம், சொல்ல மறந்துபோனார்களாம். ஸம்பா அந்தப் பெட்டியை எட்டி உதைத்ததை லிமாம் பக்கக் கண்ணாடியில் பார்த்தான்.

வண்டி அப்படிப் பறந்தது அதன் ஆயுளில் அன்று மட்டும்தான். லிமாம் மொட்டைத் தலையோடு ஓட்டினான். பக்கத்தில் மாமனார். தலைப்பாகை ரோட்டிலேயே கிடந்தது, எடுக்கத் தோன்றவில்லை. "சல்கா, இதோ வந்துட்டோம். சல்கா, கேக்குதா? சல்கா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். அப்பன் முன்னால் இத்தனை முறை அவள் பெயரைச் சொல்கிறோமே என்று ஒருதரம் மனசில் உறைத்தது. உறைத்தால் உறைக்கட்டும் என்று விட்டுவிட்டான். சிதாத்தி கையைப் பின்னால் நீட்டி மகளின் கணுக்காலைப் பிடித்திருந்தார். "ஜில்லுனு இருக்கு" என்றார். "இன்னும் வேகமா போ."

அதார் ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்காமல் உள்ளே கொண்டு போனார்கள். வராந்தாவில் ஒரே பெஞ்சுதான் இருந்தது. வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் அதிலேயே உட்கார்ந்தார்கள், நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு. உள்ளே மைமூனா அழும் சத்தம் ஒருதரம் கேட்டது, பிறகு நின்றது. லிமாம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன வேண்டுவது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு உயிர் என்று வேண்டினால் பேராசையாகிவிடுமோ, ஒன்று என்று வேண்டினால் மற்றதை விட்டுக்கொடுத்ததாகிவிடுமோ என்று பயந்து, ஒன்றுமே கேட்காமல் உட்கார்ந்திருந்தான்.

வெயில் சாயும் நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார்.

"அம்மா பொழைச்சுட்டாங்க. இனி பயமில்ல" என்றார். பிறகு லிமாமின் பக்கத்தில், அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தார். "பையனக் காப்பாத்த முடியல. உள்ளயே போயிட்டான். போயி ரொம்ப நேரம் ஆகியிருக்காது. வழியில எங்கயாவது நின்னீங்களா?"

போலீஸ் நிறுத்தினார்கள் என்று சொல்லலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் யார் யாரால் அங்கே அவ்வளவு நேரம் நிற்க நேர்ந்தது என்று பெஞ்சில் இருந்த இரண்டு பேருக்கும் தெரியும். சிதாத்தி தரையைப் பார்த்தார், லிமாமும் தரையைப் பார்த்தான்.

ஊருக்கு வெளியே, இருட்டுவதற்கு முன்னால் புதைத்துவிட வேண்டும் என்று இரண்டு பேருமாகப் போனார்கள். வெள்ளைத் துணியில் சுற்றி நர்ஸ் கொடுத்ததை லிமாம் தூக்கிக்கொண்டான். கனமே இல்லை. சிதாத்தி மண்வெட்டியை வாங்கித் தானே தோண்டினார், லிமாம் கை நீட்டியும் கொடுக்கவில்லை. மூச்சு வாங்கியது, நிறுத்தாமல் தோண்டினார். குழி ஆனதும் லிமாம் இறங்கி, பிள்ளையை வலது பக்கமாகச் சாய்த்து வைத்தான். துணியை விலக்கி முகத்தை ஒருதரம் பார்த்தான். மேலே நின்ற கிழவரும் பார்க்கட்டும் என்று அப்படியே கொஞ்ச நேரம் பிடித்திருந்தான். அவர் குனிந்து, கண்ணை இடுக்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

லிமாம் மேலே ஏற அவர் கை கொடுத்தார். இரண்டு பேரும் குழியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். எதிரும் புதிருமாக, முகத்துக்கு முகம். சிதாத்திதான் முதலில் பேசினார்.

"பையன்னா என்ன பேரு வெக்கணும்னு இருந்தே?"

அந்தப் பெயரை அவர் காது கேட்க மருமகன் சொல்லலாகாது. மூன்று வருஷமாக வேறு யாரிடமும்கூட அவன் சொன்னதில்லை.

"சிதாத்தி" என்றான்.

கிழவர் ஒரு பிடி மண்ணை அள்ளினார். போட முடியாமல், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.